இனிப்பை முதல்ல கொண்டு வாங்க

அந்தக் குடும்பம் ஓட்டலுக்குப் போனால் மேசைக்கு முதலில் வருவது இனிப்பு. புட்டிங் இருந்தால் புட்டிங். இல்லாவிட்டால் ஐஸ்கிரீம். அதுவும் இல்லாவிட்டால் சர்க்கரைத் தண்ணீரில் மிதக்கும் டின் பழம். அதை முடித்து, ஒரு வாய் தண்ணீரால் நாக்கை அலம்பிக்கொண்ட பிறகுதான் சூப்பு, சோறு, கோழி எல்லாம். புது சர்வர்கள் சிரிப்பார்கள். சிலர் தங்கள் காதில்தான் கோளாறோ என்று இன்னொரு தடவை கேட்பார்கள். அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதையே திருப்பிச் சொல்லுவாள்.

"இனிப்பை முதல்ல கொண்டு வாங்க."

ஊர் உலகமே இப்படித்தான் சாப்பிடுகிறது என்று மகள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளித் தோழி வீட்டில் ஒரு பிறந்தநாள். தட்டில் சோறு விழுந்ததும், "கேக் முதல்ல தரமாட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டாள். தோழியின் அம்மா பக்கத்தில் நின்றவளிடம், "வீட்ல கண்ணுலயே காட்டமாட்டாங்க போல" என்று முணுமுணுத்தது நன்றாகவே காதில் விழுந்தது. அந்த வீட்டில்தான் ஏதோ முறை தப்பு என்று அவளுக்குப் பட்டது.

படித்து முடித்து ஓர் ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பராமரிக்கும் இன்ஜினியராகச் சேர்ந்தாள். பிரிவில் எல்லோரும் சேர்ந்து வெளியே சாப்பிடப் போனார்கள். மெனு அட்டையைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தவள் அவள் ஒருத்திதான்.

"என்னம்மா, தலைகீழா பிறந்தியா?" என்றார் பிரிவின் தலைவர். மேசையே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். அட்டையை மூடி, முதல் பக்கத்திலிருந்து திறந்தாள்.

காரணம் அப்பா. லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் மெக்கானிக்காகச் சேர்ந்து, அதே நாற்காலியில் ரிடையர் ஆனவர். நாற்காலி என்பது பேச்சுக்குத்தான். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காலியாக இருக்கும் லிஃப்ட் நின்றுபோனால் விடிந்து பார்த்துக்கொள்ளலாம். உள்ளே ஆள் இருக்கும்போது நின்றால் ஓடியாக வேண்டும். ஓடுகிற ஆள் அவர்தான். மற்றவர்களுக்கு முதுகுவலி, மாமியார், தூரத்து வீடு என்று ஆளுக்கொரு சாக்கு இருந்தது. அப்பாவிடம் சாக்கு எதுவும் தங்காது.

லிஃப்ட் எப்போதும் இரண்டு மாடிக்கு நடுவில்தான் மாட்டிக்கொள்ளும். இவரும் எப்போதும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருப்பார். அதனால் கூட வேலை செய்கிறவர்கள் 'நடுமாடி' என்று கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருந்தது.

"சரியாத்தான் வச்சிருக்காங்க. சாப்பாட்டுலயும் நடுமாடிதானே. பாதியிலயே நிக்கிற ஆளு."

அப்போது கைபேசி கிடையாது. அவசர டூட்டியில் இருக்கிற ஆள் எங்கே போனாலும் அந்த இடத்து போன் நம்பரை ஆபீசில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆகவே குடும்பம் ஓட்டலைத் தேர்ந்தெடுத்ததில் நாக்குக்கு வேலையே இல்லை. கல்லாவில் போன் இருக்க வேண்டும். அந்த போன் மேசையிலிருந்து கண்ணில் பட வேண்டும். வண்டி வாசலிலேயே நிற்க வேண்டும். கடை தரைத்தளத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் மாடியில் இருக்கிற ஓட்டலுக்கு லிஃப்டில் ஏறினால் அப்பா அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்துவிடுவார். அப்புறம் சாப்பாடு எங்கே இறங்கும்? இத்தனை நிபந்தனையிலும் தேறியது மூன்றே கடைகள்.

முதலாவது கண்ணாடிக் கடை. அவர்கள் வைத்த பெயர். நாலு சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் வாய் மெல்லுவது தெரியும். சாப்பாடு பரவாயில்லை, சோறு உதிரி உதிரியாக வரும். இனிப்புதான் கண்றாவி. டின் பழத்தைக் கிண்ணத்தில் கொட்டி, மேலே மஞ்சள் கஸ்டர்டை ஊற்றி, உச்சியில் ஒரு சிவப்பு செர்ரி வைப்பார்கள். கஸ்டர்டில் மாவு வாசனை போயிருக்காது. செர்ரி ரப்பர் மாதிரி இருக்கும்.

இரண்டாவது மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த கடை. மேலே யாராவது ஏறி இறங்கினால் தட்டில் தூசி விழும். கோழி கடிக்க முடியாது, சூப்பு வெந்நீர். ஆனால் புட்டிங்! முதலாளியின் கொழுந்தி வீட்டில் செய்து கொண்டுவருவாள். தட்டில் கவிழ்த்தால் லேசாக நடுங்கும். கருகின சர்க்கரை பக்கவாட்டில் மெல்ல வழியும். அந்த ஒரு புட்டிங்குக்காக மூன்று பேரும் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு முதலாளிக்கும் கொழுந்திக்கும் ஏதோ வாய்த்தகராறு. புட்டிங் நின்றது. கோழி மட்டும் மாறாமல் இருந்தது.

மூன்றாவது பிற்பாடு வந்த ஏ.சி. கடை. கதவைத் திறந்தால் ஆள் வணக்கம் சொல்லுவார். அங்கே கேக்கைச் சூடான இரும்புத் தட்டில் வைத்து, மேலே ஐஸ்கிரீமைப் போட்டு, புகையோடு கொண்டுவருவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். மேல் பாதி பல் கூசும், அடிப் பாதி நாக்கைச் சுடும். அங்கே அம்மாவின் பேச்சு செல்லுபடியாகவில்லை.

"சிஸ்டத்துல சாப்பாடு ஆர்டர் போட்டாத்தான்மா டெசர்ட் போகும்."

"சாப்பாட்டையும் போடுங்க. இதை முதல்ல கொடுங்க."

"கிச்சன்ல சாப்பாடு முடிஞ்சாத்தான் இதுக்கு டோக்கன் அடிக்கும்."

"அப்ப நாங்க சாப்பிடறத உங்க சிஸ்டம்தான் முடிவு பண்ணுமா?"

"ஆமாங்க," என்றான் சர்வர். பொய் சொல்லத் தெரியாதவன். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கல்லாவிலிருந்து ஆள் வந்தார். "லிஃப்ட் சார் யாருங்க? போன்."

இந்த வழக்கத்துக்குப் பிள்ளையார்சுழி போட்டது கண்ணாடிக் கடையில்தான். மகள் அப்போது சின்னவள். அம்மா புதுச் சேலை கட்டியிருந்தாள். சாப்பிட்டு முடித்து, கிண்ணங்கள் வந்து, அப்பா ஸ்பூனை எடுத்ததும் போன் அடித்தது. ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்தார். அம்மா கஸ்டர்டை ஒரு டப்பாவில் போடச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப்போனாள். பஸ்ஸில் அது மடியில் கசிந்து புதுச் சேலையை மஞ்சளாக்கியது. அப்பா வந்தபோது டப்பாவில் மஞ்சள் தண்ணீரும் நாலு பழத்துண்டும் இருந்தன. நின்றபடியே குடித்தார்.

"நல்லாருக்கு," என்றார்.

"நல்லாவா இருக்கு?" அம்மா சேலையை வாளியில் முக்கிக்கொண்டிருந்தாள். "இனிமே இனிப்பு முதல்ல. மிச்சத்தை விட்டுட்டுப் போனாலும் பரவாயில்ல. அதையாவது மூணு பேரும் ஒண்ணா சாப்பிட்டோம்னு இருக்கட்டும்."

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. நகை, நாடு சுற்றுவது எல்லாம் இல்லை. ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, ஓட்டலில் உட்கார்ந்து, ஊரார் சாப்பிடுகிற வரிசையில் சாப்பிட்டு, கடைசி வரைக்கும் இருந்துவிட்டு மூன்று பேரும் ஒன்றாக எழுந்து வர வேண்டும். கேட்கும்போதெல்லாம் அப்பா ஒரே பதில் வைத்திருந்தார்.

"ரிடையர் ஆகட்டும்."

அவருக்கும் அசதிதான். போன் வராத நாளில் சூப்புக்கும் சோற்றுக்கும் நடுவே உட்கார்ந்தபடியே தூங்குவார். கண்ணாடிக் கடையில் நாலு சுவரிலும் நாலு அப்பா தலை தொங்கித் தூங்குவார்கள். நகக்கண்ணில் கிரீஸ் எப்போதும் இருக்கும். எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பார்த்து அம்மா கைவிட்டுவிட்டாள். சர்வர் தட்டை வைக்கிற சத்தத்தில் விழித்து, "போனா?" என்பார். "கோழி," என்பாள் மகள்.

ஒரு தடவை அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவும் மகளும் மட்டும் மாடிப்படிக் கடைக்குப் போனார்கள். ஐஸ்கிரீம் முடிந்தது, கோழி வந்தது, போனும் வந்தது. பிள்ளையைத் தனியாக விட முடியாது. வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். ஏதோ ஆபீஸ் கட்டடம். வாட்ச்மேன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றுகொண்டிருந்தார். மூடிய கதவுக்கு உள்ளே ஒரு பெண் அழுகிற சத்தம்.

அப்பா பையைத் திறக்கவில்லை. முதலில் கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"அம்மா, நான் லிஃப்ட் மெக்கானிக். வந்துட்டேன். லிஃப்ட் கீழ விழாது, பயப்படாதீங்க. காத்து வரும், மூச்சு முட்டாது. நான் மேல போய் மோட்டாரைப் பார்க்கணும். கொஞ்ச நேரம் ஆகும். என் பொண்ணு இங்கயே நிக்கிறா. அவகிட்ட பேசிக்கிட்டிருங்க."

சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். மகளுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆன்ட்டி, நீங்க சாப்பிட்டீங்களா?"

உள்ளே அழுகை நின்றது. "இல்லம்மா."

"நாங்களும் இல்ல. ஐஸ்கிரீம் மட்டும் சாப்பிட்டோம்."

"ஐஸ்கிரீம் மட்டுமா? ஏம்மா, சோறு?"

"சோறு அப்புறம்தான் ஆன்ட்டி. எங்க வீட்ல அப்படித்தான்."

உள்ளே அந்தப் பெண் அழுகையோடேயே சிரித்தாள். மேலே அப்பா பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக இறக்கினார். கதவு திறந்தது. வெளியே வந்தவள் முதலில் மகளைத்தான் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். வண்டியில் திரும்பும்போது அப்பா ஒரு வார்த்தைதான் பேசினார்.

"கோழி ஆறியிருக்கும்."

வருஷங்கள் இப்படியே ஓடின. கல்லா போன் போய் பேஜர் வந்தது, பேஜர் போய்க் கைபேசி வந்தது. எங்கே உட்கார்ந்தாலும் கூப்பிடலாம் என்று ஆனபோது கூப்பிடுவதும் அதிகமானது. மகள் வளர்ந்து வேலைக்குப் போனாள். அவள் வேலையும் அதே இனம்தான். டயாலிசிஸ் மெஷின் கத்தினால், வென்டிலேட்டர் முரண்டு பிடித்தால், அவளைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிச் சொன்னாள்.

"உலகத்துல வேற படிப்பே கிடைக்கலையா உனக்கு?"

கடைசியில் அப்பா ரிடையர் ஆனார். கம்பெனி ஒரு பெரிய சூட்கேஸ் கொடுத்தது. எங்கே போவதற்கு என்று யாரும் சொல்லவில்லை. அது கட்டிலுக்கு அடியில் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் அவர்களை ஒரு புது ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். எந்த நிபந்தனையும் வேண்டாம் என்று மாடியிலேயே தேர்ந்தெடுத்தாள். வெள்ளைத் துணி விரித்த மேசை. துணி நாப்கினைப் பூ மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். அம்மா அதைப் பிரிக்க மனசில்லாமல் ஓரமாக எடுத்து வைத்தாள். சர்வர் வந்ததும் அப்பாவும் மகளும் அம்மா முகத்தைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் எப்படிச் சாப்பிடுவாங்களோ, அப்படியே கொண்டு வாங்க," என்றாள் அம்மா. குரலில் ஒரு மிடுக்கு இருந்தது.

சூப்பு வந்தது. அப்பா குடித்தார். குடித்துவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கைபேசி இருந்தது. அடிக்கவில்லை. சோறு வந்தது. பாதியில் நிமிர்ந்தார்.

"அது என்ன சத்தம்?"

"எது?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

மீன் வந்தது. மறுபடி பையைத் தொட்டார். அவருக்குத் தெரிந்தவரை இதற்குள் யாராவது கூப்பிட்டிருக்க வேண்டும். காலை இந்தப் பக்கம் மாற்றிப் போட்டார், அந்தப் பக்கம் மாற்றிப் போட்டார். "கை கழுவிட்டு வந்துடறேன்," என்று எழுந்தார். போனவர் வரவில்லை.

மூன்று கண்ணாடிக் கிண்ணத்தில் ஐஸ்கிரீம் வந்தது. அம்மா காத்திருந்தாள். விளிம்பில் முதலில் பளபளப்பு ஏறியது, பிறகு வழிய ஆரம்பித்தது. அம்மா தன் கிண்ணத்தை இழுத்து, சாப்பிட்டு முடித்தாள். மகள் எழுந்து தேடிப் போனாள். அப்பா லிஃப்ட் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கதவு திறந்தது, மூட வந்தது, முழுக்க மூடாமல் மறுபடி திறந்தது.

"அப்பா, ஐஸ்கிரீம் உருகுது."

"கீழே கதவு ஓடற பள்ளத்துல அழுக்கு அடைச்சிருக்கு, பாப்பா. ஒரு தடவை சுத்தம் பண்ணினா போதும்." மறுபடி கதவைப் பார்த்தார். "நான் யார்கிட்டயும் சொல்லல. நம்ம வேலை இல்லையே."

திரும்பி வந்து உட்கார்ந்தார். கிண்ணத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

"குடிங்க," என்றாள் அம்மா. "ரெண்டாவது தடவை சூப்பு வந்திருக்கு."

குடித்தார். "நல்லாருக்கு," என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறமும் முயன்று பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் கால் தானாக எழுந்தது. வண்டியைப் பூட்டினேனா பார்க்கிறேன், மழை வருதா பார்க்கிறேன், தெரிந்தவர் மாதிரி ஒருத்தர் போகிறார் பார்க்கிறேன். பாதிக்கு மேல் ஒரு சாப்பாடு எப்படி இருக்கும் என்று அந்த உடம்புக்குத் தெரியவில்லை. யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் அம்மா பழையபடி இனிப்பை முதலில் கேட்க ஆரம்பித்தாள். கேட்கிற குரலில் மிடுக்கு இல்லை.

ஒரு நாள் காலை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஒரு கால் செருப்பு மாட்டியிருந்தது. இதயம் நின்றுவிட்டது. மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த மெஷின்கள் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பராமரிக்கிறவள். அவளுக்கு அந்த அறையில் செய்ய ஒரு வேலையும் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா அழவில்லை. "பாதியில எழுந்து போறது அவருக்குப் பழக்கம்தானே," என்றாள். வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள்.

பிறகு மகள் ஒன்றைக் கவனித்தாள். அம்மா உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அடுப்புப் பக்கத்தில் நின்றபடி, பாத்திரத்திலிருந்தே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மிச்சத்தை மூடி வைத்துவிடுகிறாள். "தட்டுல போட்டு உட்காரும்மா" என்றால், "யாருக்குத் தட்டு கழுவறது" என்பாள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று ஆகியிருந்தது. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையையும் நின்றபடியே விழுங்கினாள்.

மகளுக்கும் உடம்பில் தெம்பில்லை. லீவு முடிந்து வேலைக்குப் போனாள், வந்தாள். யாரோ வாசலில் எடுத்துப் போட்ட அப்பாவின் செருப்பை இருவருமே தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒன்று மட்டும் அவள் மனசில் உறுதியாக இருந்தது. அம்மாவை ஒரு வேளையாவது முழுச் சாப்பாட்டுக்கு உட்காரவைக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில், ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை அவசர டூட்டியைப் பிரிவில் இன்னொருவரிடம் மாற்றிக் கொடுத்தாள். அவர் புதிதாகச் சேர்ந்தவர், சட்டென்று பதறுகிறவர். பரவாயில்லை என்று விட்டாள்.

கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். கண்ணாடிகளில் பழுப்புப் புள்ளி விழுந்திருந்தது. கல்லாவில் கணினி. போன் இருந்த பலகை மட்டும் சுவரில் அப்படியே இருந்தது, அதன்மேல் பல்குத்தும் குச்சி டப்பா. அப்பா எப்போதும் அந்தப் பலகையைப் பார்த்தபடி உட்காருவார். அம்மா நேராகப் போய் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

சர்வர் வந்தார். மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"இனிப்பை முதல்ல கொண்டு வாங்க."

மகள் சர்வரைக் கையால் நிறுத்தினாள். "அம்மா, இன்னைக்குக் கடைசியில வாங்கிக்கலாமே. அவசரம் ஒண்ணும் இல்லையே."

"கொண்டு வரட்டும்."

பழக்கம், விடாது என்று நினைத்துக்கொண்டாள் மகள். இரண்டு கிண்ணம் வந்தது. மஞ்சள் கஸ்டர்ட், டின் பழம், உச்சியில் ரப்பர் செர்ரி.

"மாத்தவே இல்ல," என்றாள் மகள்.

"அதே கண்றாவி," என்றாள் அம்மா. ஆனால் சாப்பிட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டாள். மகள் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கண்ணாடியிலும் பார்த்தாள்.

சூப்பு வந்தது. அம்மா இரண்டு ஸ்பூன் குடித்திருப்பாள். மகளின் கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி. மகள் தன்னை அறியாமலே எழுந்து நின்றுவிட்டாள்.

அம்மா ஸ்பூனை வைத்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த மகளின் கைப்பையை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள்.

"கிளம்பு. இனிப்பு சாப்பிட்டாச்சுல்ல."

மகள் பையை வாங்கவில்லை.

"என்ன முழிக்கிற? உனக்காகத்தான்டி முதல்ல கொண்டுவரச் சொன்னேன். அவரா இனிமே போன் வந்தா எழுந்து போகப் போறாரு? போ. நான் ஆட்டோ பிடிச்சுப் போய்க்கிறேன்." சொல்லிக்கொண்டே தன் நாற்காலியையும் பின்னால் தள்ளினாள். மேசையில் சூப்பு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இவள் போனால் அம்மாவும் எழுந்துவிடுவாள். வீட்டுக்குப் போய் அடுப்பு முன்னால் நிற்பாள்.

மகள் உட்கார்ந்தாள். கைபேசியைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் டூட்டி மாற்றிக்கொண்டவர். பின்னால் மெஷின் கத்துவது கேட்டது.

"டயாலிசிஸ்ல நாலாம் நம்பர் மெஷின், மேடம். கண்டக்டிவிட்டி அலாரம், கரைசல்ல உப்பு கம்மின்னு காட்டுது. நிக்கவே மாட்டேங்குது. நீங்க வந்துடறீங்களா?"

"பேஷன்ட் படுத்திருக்காரா?"

"ஆமாம். என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"முதல்ல அவர்கிட்ட போய் நில்லுங்க. மெஷினைத் தொடாதீங்க. நான் இங்கதான் இருக்கேன், மெஷின் தானாவே பாதுகாப்புக்குப் போயிடுச்சு, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அம்மா பாதி தள்ளிய நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன், மேடம்."

"இப்ப கீழ குனிஞ்சு கரைசல் கேனைப் பாருங்க. உறிஞ்சற குழாய் அடிவரைக்கும் இறங்கியிருக்கா?"

சர்வர் சோற்றைக் கொண்டுவந்து வைத்தார். மகள் அதைப் பார்க்கவில்லை.

"மேல தூக்கிக்கிட்டிருக்கு. காத்தைத்தான் உறிஞ்சுது போல."

"அடிவரைக்கும் இறக்குங்க. கொஞ்சம் பொறுங்க. நம்பர் ஏறும்."

பொறுத்தார்கள். இங்கே ஒரு மேசை, அங்கே ஒரு கட்டில். பிறகு கத்தல் நின்றது. அது அம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். நாற்காலியை முன்னால் இழுத்தாள். ஸ்பூனை எடுத்தாள்.

"ஆறிப்போச்சு," என்றாள்.

"சுட வைக்கச் சொல்லவா?"

"வேணாம். குடிச்சுப் பழக்கம்தான்."

சாப்பிட்டார்கள். சோறு உதிரியாக இருந்தது. கோழி சுமார். அம்மா ஒரு துண்டை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தாள். கைபேசி கவிழ்ந்து கிடந்தது, அடிக்கவில்லை. தட்டுகள் காலியாயின. சர்வர் வந்து எடுத்துப்போனார். மேசையில் உப்பு டப்பாவும் இரண்டு தண்ணீர் டம்ளரும் மிஞ்சின. அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"இப்ப என்ன பண்ணணும்?"

மகளுக்கும் தெரியவில்லை. இருவரும் பக்கத்து மேசையைப் பார்த்தார்கள். அங்கே ஒரு குடும்பம். ஒருத்தர் பல் குத்திக்கொண்டிருந்தார். ஒருத்தி கைபேசியில் எதையோ காட்ட, இன்னொருத்தி பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள். யாரும் எழுந்திருக்கிற மாதிரி இல்லை.

"சும்மா உட்கார்ந்திருக்காங்க," என்றாள் மகள்.

"இதுக்கா?" அம்மா இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "இதுக்கா இத்தனை வருஷம் அந்த மனுஷனை நச்சரிச்சேன்?"

"அப்பா இருந்தா இந்நேரம் தூங்கியிருப்பாரு."

"சூப்புலயே தூங்கியிருப்பாரு." அம்மாவின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று கண்ணாடியில் பார்த்தும் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சர்வர் வந்தார். "வேற ஏதாவது வேணுங்களா? டெசர்ட் முதல்லயே முடிச்சுட்டீங்க..."

"இன்னொரு கிண்ணம் கொண்டு வாங்க," என்றாள் அம்மா. "அதே டின் பழம். ரெண்டு ஸ்பூன்."

வந்தது. ஆளுக்கொரு பக்கத்திலிருந்து தோண்டினார்கள். மாவு வாசனை அப்படியே இருந்தது.

"கடைசியில சாப்பிட்டாலும் நல்லா இல்லை," என்றாள் அம்மா.

"இல்லை."

பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போனார்கள். பிறகு மூலை மேசைக்காரர்களும் போனார்கள். மதியக் கடை முடிகிற நேரம். சர்வர் ஈரத்துணியோடு ஒவ்வொரு மேசையாகத் துடைத்து வந்தார். அவர்கள் தலைக்கு மேல் ஓடியதைத் தவிர மற்ற மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். கிண்ணத்தில் இன்னும் கால்வாசி இருந்தது. அம்மா ஸ்பூனை முக்கி, மெதுவாக ஒரு துண்டுப் பழத்தை எடுத்தாள். எழுந்திருக்கவில்லை.